அப்பாதுரையின் துப்பாக்கி வார்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கிளியனூர்ப் பக்கத்து விவசாயி அப்பாதுரை ஸ்டேஷனுக்குள் வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு துணி வாரை உருவி, ஏட்டு இசைவாணியின் மேசைமேல் போட்டார்.

"இது என்னுது இல்ல மேடம்."

இசைவாணி வாரைப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம், வெளுத்த காக்கி நிறம், இரண்டு முனையிலும் பளபளவென்று பித்தளைக் கவசம். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ளும் வார்.

"உங்க துப்பாக்கி உங்ககிட்ட வந்துடுச்சில்ல? நம்பர் பாத்துதானே வாங்கிக்கினு போனீங்க?"

"துப்பாக்கி என்னுதுதான். பெல்ட்டு என்னுது இல்ல. என்னுதும் பித்தளை வெச்ச துணி பெல்ட்டுதான், ஆனா கறுப்பா, கனமா இருக்கும். இது யாரோ பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பை வாரு மாதிரி இருக்குது."

"ஒரு பெல்ட்டுதானேங்க."

சொல்லியிருக்கக்கூடாது. அப்பாதுரை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு பெல்ட்டா? எங்கப்பா பர்மா சண்டைக்குப் போனவரு. வெள்ளைக்காரத் துரை கையால குடுத்த பெல்ட்டு அது. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சம்பந்தி வர்றாரு. சுபேதாரா இருந்து ரிடையர் ஆனவரு. அவருகிட்ட காட்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். எனக்கு என் பெல்ட்டு வேணும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாப்பேன். புதன்கிழமை விழுப்புரம் போயி எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுத்துடுவேன்."

அவர் எழுந்து போனபின் இசைவாணி நாட்காட்டியைப் பார்த்தாள். இருபத்தைந்து வருட சர்வீஸ். சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் வருகிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது. ஒரு மனு, அதன்மேல் ஒரு விசாரணை, அதைத் தொட்டு ஒரு மெமோ என்று வந்துவிட்டால் பெயர் போய்விடும். பிறகு அடுத்த பட்டியலுக்கு எத்தனை வருடம் காத்திருப்பதோ.

தப்பு அவளுடையதுதான் என்பது இன்னும் வேதனை.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். திண்டிவனத்தை ஒட்டிய அந்த ஸ்டேஷனுக்கு (பெயர் நமக்கு வேண்டாம்) ஒன்பது துப்பாக்கிகள் வந்திருந்தன. எல்லாம் காட்டுப்பன்றியை விரட்ட விவசாயிகள் வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். விசைப் பக்கம் எதையும் கட்டாதே, நூலைக்கூட நுழைக்காதே என்று பயிற்சியில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குழாயில் கட்டினால் வழுக்கிக்கொண்டு வருகிறது. இசைவாணி ஒன்பது அட்டைகளையும் வாரில் கட்டினாள். போலீஸ்காரியைத் தவிர வேறு யாராக இருந்தாலும் பேசாமல் விசைப் பக்கம் கட்டியிருப்பார்கள். ஒரு வம்பும் வந்திருக்காது.

மே மாதம் கோடை மழை கொட்டியதில் ஆயுத அறை ஒழுகியது. அப்போது அவள் தேர்தல் பணிக்கு வெளியூர் போயிருந்தாள். கான்ஸ்டபிள் வல்லரசுதான் அறையைப் பார்த்துக்கொண்டான். அவனைக் கூப்பிட்டாள்.

"வாரையெல்லாம் நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலையேக்கா. பூஞ்ச புடிச்சிருந்திச்சி. அவுத்து, சோப்பு போட்டு அலசி, கொடியில காயப் போட்டேன். திருப்பி மாட்டிட்டேன்."

"எது எதுலேர்ந்து அவுத்தன்னு பாத்து மாட்டுனியா?"

வல்லரசு மின்விசிறியைப் பார்த்தான்.

"அட்டை?"

"நனைஞ்சி கூழாயி வாருல ஒட்டிக்கிச்சிக்கா, பூஞ்ச புடிச்சதே அதனாலதான். துப்பாக்கி நம்பர் பாத்து புதுசு எழுதிட்டேன்."

"இந்தப் பித்தளை ஏன் இப்படி மின்னுது?"

"பிராஸோ பாலிஷ் போட்டேன்."

"உன்ன யாரு போடச் சொன்னது?"

"பித்தளைன்னா பிராஸோ போடணுமில்லக்கா," என்றான் வல்லரசு, நியாயமான ஆச்சரியத்தோடு. ஆயுதப்படையில் ஏழு வருடம் இருந்தவன். பித்தளையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது.

ஆக, துப்பாக்கிகள் எண்ணைப் பார்த்துச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. வார்களுக்கு எண் கிடையாது. கையில் வந்ததை மாட்டியாயிற்று. எட்டுப் பேர் கவனிக்கவில்லை. ஒன்பதாவது ஆளுக்கு சுபேதார் சம்பந்தி வாய்த்திருக்கிறார்.

மற்ற எட்டுப் பேருக்கும் போன் போட்டு, துப்பாக்கி வாரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு நின்று எடுத்து அனுப்பியிருந்தார், வார் தெரியவில்லை. மறுபடி கேட்டு வாங்கினாள். ஏழு வார்கள் தோல் அல்லது பச்சை நைலான். எட்டாவது மட்டும் துணி வார், பித்தளை முனை. அது பால் சொசைட்டி வேங்கடேசனுடையது. அவருடைய மகனுக்கு செஞ்சிக் கோட்டையில் சினிமா ஷூட்டிங் நடந்தபோது யாரோ கொடுத்ததாம். இசைவாணி நேரில் போய்க் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"எடுத்துக்கினு போங்க மேடம். அப்பாதுரை கேக்கறானா? அவன் பர்மா கதைய நீங்க எத்தினி வாட்டி கேட்டீங்க?"

"ஒரு வாட்டிதான்."

"புண்ணியம் பண்ணவங்க."

இப்போது கையில் இரண்டு வார். அப்பாதுரையுடையது இரண்டில் ஒன்று. எது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இசைவாணிக்கு ஜெகதீசன் ஞாபகம் வந்தது. அவளுடைய தம்பியோடு படித்தவன். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. முன்னால்தான் ஜெராக்ஸ். பின்னறை முழுக்கப் பட்டாளத்துப் பழசு: தண்ணீர்க் குடுவை, தோட்டாப் பை, வார், பூட்ஸ். ஏலத்தில் மூட்டையாக எடுத்து, தரம் பிரித்து, சேகரிக்கிறவர்களுக்கு இணையத்தில் விற்கிறான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் கடைக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"இன்னாக்கா, யூனிபாரத்தோட வந்துட்ட? ரெய்டா?"

"ரெய்டுன்னா ஜீப்புல வருவோம்டா. இத ரெண்டையும் பாத்துச் சொல்லு. எனக்கு ஜல்தி திரும்பணும்."

ஜெகதீசன் வேங்கடேசனின் வாரை முதலில் எடுத்தான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிரித்த காந்தம் ஒன்று மேசையில் கிடந்தது. அதைப் பித்தளை முனைக்குக் கிட்டே கொண்டுபோனான். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பித்தளையில காந்தம் ஒட்டாதுக்கா. இது இரும்பு. மேல மஞ்சள் முலாம். சினிமாவுக்கு செஞ்சது." ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டினான். நூல் உருகி உருண்டையாகச் சுருண்டது.

"கொளுத்தாதடா, அது ஊரான் சொத்து."

"ஒரு நூலுக்கா? பாரு, நைலான் கலந்திருக்கு. பருத்தின்னா சாம்பலாயிடும்."

அடுத்த வாரை எடுத்தான். காந்தம் ஒட்டவில்லை. நூல் சாம்பலானது. பித்தளை மடிப்புக்குள் ஒரு ஊசியை விட்டு நெம்பினான். பச்சையாகக் கொஞ்சம் பொடி உதிர்ந்தது.

"பட்டாளத்துல பரேடுக்கு முன்னாடி வாருக்கெல்லாம் இந்தப் பச்சை மாவ கொழச்சிப் பூசுவாங்க. சோப்பு போட்டாலும் சந்துல இருக்கறது போவாது. இங்க பாரு." உள்பக்கத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்தான். மங்கலாக ஒரு முத்திரை. அம்புக்குறி, அதன் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து, பக்கத்தில் நாற்பத்திரண்டு. "வெள்ளைக்காரன் காலத்து இந்திய சர்க்கார் முத்திரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரெண்டு. எண்பது வருஷத்துக்கு மேல ஆவுது. நல்ல சரக்குக்கா. எங்கிட்டயே குடுத்துடேன்."

"இது அப்பாதுரை துப்பாக்கியில இருந்ததுதானான்னு எப்படிச் சொல்றது? அத சொல்லு மொதல்ல."

ஜெகதீசன் வாரின் முனையை, வளையத்தில் மாட்டும்போது மடிகிற இடத்தில் விரித்தான். அங்கே துருக்கறை. நேர்கோடாக இல்லை, கயிற்றை மையில் தோய்த்து அழுத்தியதுபோல் சாய்வுச் சாய்வாக.

"துரு சோப்புக்குப் போவாது. கம்பெனி வளையம்னா ஒரே கோடா உழும். இது ரெண்டு கம்பிய முறுக்கி எவனோ ஊர்க் கொல்லன் செஞ்ச வளையம். எவன் துப்பாக்கியில முறுக்கு வளையம் இருக்குதோ, அவன் வாரு இது. கோர்ட்டுல கேட்டாலும் நான் சொல்வேன்."

இசைவாணிக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாதுரை சொன்ன கறுப்பு, எண்பது வருட எண்ணெயும் அழுக்கும். கனமும் அதேதான். அவருடைய வாரே அவரிடம் போயிருக்கிறது. வல்லரசு அதைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறான். சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஆனா இன்னொண்ணு இருக்குதுக்கா," என்றான் ஜெகதீசன். பித்தளை முனையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ஆணியால் குத்திய புள்ளிகள். பிராஸோ காய்ந்து ஒவ்வொரு குழியிலும் வெள்ளையாக நின்றது. அழுக்கு மூடியிருந்தவரை யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் தமிழ் எழுத்து. தாவீது.

"அப்பாதுரை அப்பா பேரு தாவீதா?"

"இல்ல. அவங்க கிறிஸ்தவங்க இல்ல. லைசென்ஸ்ல அப்பா பேரு சக்கரபாணின்னு இருக்குது."

"அப்ப இது அவங்க அப்பன் வாங்கின வாரு இல்ல. தாவீதுன்னு ஒரு சிப்பாயோடது." ஜெகதீசன் மேசை இழுப்பறையிலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்து வைத்தான். "ரெண்டு நிமிஷம்க்கா. எழுத்து போயிடும். அவரு சந்தோசமா வாங்கிக்குவாரு, உனக்கும் பேஜாரு இல்ல."

இசைவாணி அரத்தைப் பார்த்தாள். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் நன்றாகவே பார்த்தாள்.

"ஒப்படைச்ச பொருள்ள கை வெச்சா அதுக்கு மெமோ இல்லடா, சஸ்பென்ஷன்," என்று இரண்டு வார்களையும் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, வேங்கடேசனின் வாரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒப்படைப்புப் பதிவேட்டையும் அப்பாதுரையின் வாரையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் அப்பாதுரை வீட்டுக்குப் போனாள். வாசலில் தகரக் கொட்டகையின் கீழ் நான்கைந்து பெண்கள் விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் உடையும் சத்தம் படபடவென்று விடாமல் கேட்டது.

"கெடச்சிச்சா?" என்றார் அப்பாதுரை.

"துப்பாக்கிய கொஞ்சம் எடுத்தாங்க."

எடுத்து வந்தார். குழாயின் கீழே தொங்கிய வளையம் முறுக்குக் கம்பி. இசைவாணி வாரை அதில் நுழைத்து மடித்தாள். துருக்கறையின் சாய்வுக் கோடுகளும் கம்பியின் முறுக்கும் ஒன்றோடொன்று உட்கார்ந்தன.

"வளையம் எப்ப போட்டது?"

"எங்கப்பா காலத்துல. கம்பெனி வளையம் ஒடஞ்சி போயி, நம்மூரு கொல்லன் செஞ்சி குடுத்தான்." அவர் குனிந்து பார்த்தார். தடவினார். முகம் மாறியது. "அட, என்னுதுதானா? கறுப்பு எங்க போச்சி?"

"கழுவிட்டாங்க. தப்புதான். வேற ஒண்ணும் ஆவல. விழுப்புரத்துல தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டிட்டேன். அசல் பட்டாளத்து வாரு. நாப்பத்திரெண்டுன்னு முத்திரையே இருக்குது."

அப்பாதுரைக்குத் தோள் அகலமாயிற்று. கொட்டகைப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நாப்பத்திரெண்டு. பர்மா சண்டை. நான் சொன்னா சிரிக்கறீங்களே, போலீஸே சொல்லுது."

பெண்கள் தலை நிமிராமல் சிரித்தார்கள். கை நிற்கவில்லை.

இசைவாணி பதிவேட்டைத் திறந்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். இன்னும் அரை நிமிடம், முடிந்தது. அப்பாதுரை பேனாவை வாங்கினார். பெருவிரல் பித்தளை முனையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நின்றது.

"இதுல ஏதோ எழுதியிருக்குதே. கண்ணாடி உள்ள இருக்குது. இன்னா மேடம் அது? துரை பேரா?"

முத்திரை என்று சொல்லிவிடலாம். கண்ணாடி போட்டதும் அவரே படிப்பார். அதற்குள் கையெழுத்து ஆகியிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுபேதார் கையில் அது இருக்கும். அடுத்த புதன்கிழமை மனுவும் இருக்கும். அதில் ஏட்டு பொய் சொன்னாள் என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும்.

"தாவீது," என்று படித்தாள்.

மல்லாட்டை உடையும் சத்தம் நின்றுவிட்டது.

கொட்டகையிலிருந்து ஒரு பெண் எழுந்து, மடியிலிருந்த தோலை உதறிக்கொண்டு வந்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் "சவுரியம்மா" என்று கூப்பிட்டுத் தடுத்தாள், அவள் நிற்கவில்லை.

"இன்னொரு தபா படிம்மா."

"தாவீது."

"எங்க மாமனாரு," என்றாள் சவுரியம்மாள். "பட்டாளத்துல ரோடு போடுற பிரிவுல இருந்தாரு. பர்மாவுக்கு நடந்தே போயி நடந்தே வந்தவரு. வந்து இவங்க ஊட்லதான் ஏரு ஓட்னாரு. இவங்க அப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்சு வந்தன்னிக்கு, உனக்கு எதுக்குடா இந்த வாரு, கேணியில தண்ணி எறைக்கவான்னு கேட்டு வாங்கிக்கினாராம். அப்ப யாரு இல்லன்னு சொல்ல முடியும்."

"சவுரி, நீ போயி வேலையப் பாரு," என்றார் அப்பாதுரை.

"பாக்கறேன்யா. உங்கப்பாவுக்குக் குறி பாக்கக் கத்துக் குடுத்ததே அவருதான். உங்கப்பா மெட்ராஸ தாண்டினது இல்ல."

கொட்டகையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

அப்பாதுரை வாரை இசைவாணி பக்கம் தள்ளினார். "மேடம், இது என்னுது இல்ல. நேத்தே சொன்னேனில்ல. என் பெல்ட்டுல எழுத்தே கெடையாது."

"வளையத்துல பொருந்துச்சேங்க. இப்பதான் உங்க வாயாலயே சொன்னீங்க."

"இல்லன்னு சொல்றேன். நாளைக்கு விழுப்புரம் போறேன்."

இசைவாணி நியாயம் கேட்டு அங்கே வரவில்லை. அவளுக்கு ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இருபத்தைந்து வருடத்தில் மனுவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அப்பாதுரைக்குத் தெரியாது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"போங்க. மனுவுல உங்க வாருக்கு அடையாளம் எழுதணும். விசாரணைக்கு டி.எஸ்.பி. வருவாரு. இந்த வாரை மேச மேல வெப்பேன், உங்க துப்பாக்கியையும் வெப்பேன். துரு பொருந்துதான்னு பாப்பாரு. தாவீது யாருன்னு கேப்பாரு. இந்த அம்மாவ சாட்சிக்குக் கூப்புடுவாங்க. ஊரே வந்து நிக்கும். உங்க சம்பந்தி காதுக்கும் போவும். எனக்கு ஒரு மெமோ கெடைக்கும், நான் வாங்கிக்கறேன். உங்களுக்கு இன்னா கெடைக்கும்னு யோசிச்சுக்குங்க."

கடைசி இரண்டு வரியில் பாதி நடிப்பு. மெமோவை அவள் அவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்ள மாட்டாள்.

அப்பாதுரை வெகுநேரம் துப்பாக்கியின் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா சொன்னதத்தான் நான் சொன்னேன்," என்றார் கடைசியில். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"இருக்கலாங்க."

"அப்ப அத இதுகிட்டயே குடுத்துடுங்க. எனக்கு வேணாம்."

"என்னால முடியாதுங்க. யாரு ஒப்படைச்சாங்களோ அவங்ககிட்டதான் திருப்பிக் குடுக்கணும், சட்டம் அப்படி. நீங்க வாங்கிக்கினு கையெழுத்துப் போட்டுடுங்க. அப்பறம் நீங்க யாருக்குக் குடுத்தாலும் அது உங்க இஷ்டம்."

அவர் பேனாவை எடுத்தார். துப்பாக்கி ஒன்று, வார் ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், குறை எதுவும் இல்லை. இசைவாணி சொல்லச் சொல்ல எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு வாரை எடுத்துக்கொண்டு சவுரியம்மாள் பக்கம் இரண்டடி நடந்தார். அந்த வாசலில் எது கொடுத்தாலும் கொடுக்கிற முறை ஒன்றுதான். கூலியானாலும் டீ கிளாஸானாலும் வாசல்படி பக்கத்துச் சிமெண்டுத் திட்டு ஓரத்தில் வைப்பார்கள். பெண்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அப்பாதுரை யோசிக்கக்கூட இல்லை. உடம்பு தானாகக் குனிந்தது. வார் திட்டைத் தொடுவதற்கு ஒரு சாண் இருந்தது.

"கையில குடுங்கய்யா," என்றாள் சவுரியம்மாள்.

குரலில் கோபம் இல்லை. மல்லாட்டைத் தூசு படிந்த உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொட்டகையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசைவாணி பதிவேட்டில் கண்ணை வைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு எழுத்தும் படிக்கவில்லை.

அப்பாதுரை நிமிர்ந்தார். வாரை அவள் கையில் வைத்தார்.

சவுரியம்மாள் அதை இரண்டாக மடித்து, பித்தளை முனையை ஒருமுறை தடவிப் பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். முறத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். முதல் மல்லாட்டை உடைந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குத் துப்பாக்கிய எதுல மாட்றது?" என்றார் அப்பாதுரை, பொதுவாக.

"மூட்ட கட்ற சணல் கயிறு நெறைய கெடக்குதுங்க," என்றாள் சவுரியம்மாள், திரும்பாமலே.

இசைவாணி பதிவேட்டை மூடப்போனவள், மறுபடி திறந்தாள்.

"தேதி போடலையேங்க," என்று பேனாவை நீட்டினாள்.